கையெழுத்துப் போட ஆள் இல்லாத பதினோரு வருடம்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் துளசிராமன். இருபத்திரண்டு வருடமாக ஊராரின் ரேஷன் கார்டையும் பட்டாவையும் நகலெடுத்துக் கொடுத்ததில் எனக்கு மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. அசலைவிட நகல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட என் கடையில், லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நான்கு வருடமாக ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மேசையை நான் கொடுக்கவில்லை. ஒருநாள் அவளே ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். "அண்ணா, கொஞ்சம் நகருங்க" என்றாள். நகர்ந்தேன். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

அவள் பெயர் திலகவதி. ஆரம்பாக்கத்துக்காரி. நாற்பத்தேழு வயது. கணவர் அன்புசெல்வன் மூன்று ஏக்கர் நெல் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். இவள் சூலூர்ப்பேட்டை வண்டியைப் பிடித்துக் காலையில் இங்கே வந்து இறங்குவாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பெரிய பெரிய டாங்குகள் செய்கிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். நானும் என் ஷட்டரைத் தினமும் திறக்க வேண்டியவன்தான். அங்கே வருகிற போகிற வரைபடங்கள், சோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் வாங்கி, எண் போட்டு, அடுக்கி வைக்கிற வேலை அவளுக்கு. கொரோனா வருடத்தில் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது. காரணம் கேட்டால், "வாய்" என்பாள்.

இப்போது அவள் செய்கிற வேலைக்கு எந்தப் பலகையிலும் பெயர் எழுத முடியாது. நம்மூர் கம்பெனிகளில் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு ஒருவன் கனடாவுக்குப் போகிறான் என்று வையுங்கள். விமானத்தில் ஏறும்போது இன்ஜினீயர். இறங்கும்போது யாரோ. அங்கே அவனுக்கு 'வெளிநாட்டில் படித்தவர்' என்று பெயர். கும்மிடிப்பூண்டியில் படித்தால் வெளிநாட்டில் படித்ததாம், கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடி இன்ஜினீயர் ஆக வேண்டுமென்றால் அந்த மாகாணத்துப் பொறியாளர் வாரியத்துக்கு, தான் செய்த வேலையை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த இன்னொரு இன்ஜினீயர், "ஆமாம், இவர்தான் செய்தார்" என்று கையெழுத்துப் போட வேண்டும். குறைந்தது நான்கு வருட வேலையாவது அப்படி ருசுவாக வேண்டும். அந்த எழுத்து வேலைக்கும் கையெழுத்து வேட்டைக்கும்தான் திலகவதி.

முதலில் தன் தம்பிக்காகச் செய்தாள். வசந்தகுமார் அங்கே போய் ஆறு வருடம் டாக்ஸி ஓட்டினான். இவள் இங்கிருந்து ஒரு மாதம் உட்கார்ந்து எழுதி அனுப்பினாள். இன்றைக்கு அவன் பாலங்களைச் சோதிக்கிற இன்ஜினீயர். அதன்பிறகு அவன் நண்பன், நண்பனின் மச்சான் என்று பதினான்கு பேர். எல்லாரும் திலகவதியிடம் திட்டு வாங்கியவர்கள்.

திட்டு என்றதும் அவளுடைய முறையைச் சொல்லியாக வேண்டும். நம்மூர் ஆளிடம், "நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "சார் சொன்னாரு, செஞ்சேன்" என்பான். தலையைச் சொறிவான். அவன்தான் மொத்த டாங்கையும் வரைந்து நிறுத்தியிருப்பான், ஆனாலும் சார்தான் செய்தார். நாமாக நம்மைச் சொல்லிக்கொண்டால் நாக்கு அழுகிவிடும் என்று வளர்த்திருக்கிறார்கள். அதனால் திலகவதி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "எப்பப்ப திட்டு வாங்கினே? ஒண்ணொண்ணா சொல்லு" என்பாள். அவ்வளவுதான், மடை திறந்துவிடும். எந்த வருடம், எந்த ஷிஃப்ட், யார் திட்டினார், எந்த அளவு தப்பிப்போனது, அதை எப்படிச் சரி செய்தான், எல்லாம் வரும். செய்ததை மறப்பான், வாங்கின திட்டை எவனும் மறக்க மாட்டான். திட்டை எடுத்துவிட்டு மீதியை எழுதினால் பத்துப் பக்கம் சுத்தமான இன்ஜினீயரிங் என்பாள் திலகவதி.

துர்காதேவி அவளுடைய பதினைந்தாவது ஆள்.

துர்கா பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அப்பா ஏரியில் படகு ஓட்டியவர், இப்போது இல்லை. அம்மா தாயாரம்மாள் பொன்னேரி மார்க்கெட்டில் நண்டும் இறாலும் விற்கிறாள். அந்தக் குப்பத்திலிருந்து இன்ஜினீயரிங் படித்த முதல் பெண் துர்கா. படித்து முடித்ததும் திலகவதி இருந்த அதே டாங்க் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை. ஆனால் கம்பெனி ஆளாக இல்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆளாக. நம்மூரில் பாதிப் பேர் அப்படித்தான். நிற்கிற இடம் ஒன்று, சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர் வேறொன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவனோடு கனடாவுக்குப் போனாள். அங்கே ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் தானாகவே வாரியத்துக்கு ஒருமுறை விண்ணப்பித்துத் தோற்றிருந்தாள். அந்த விண்ணப்பத்தைத் திலகவதி என் கடையில் பிரிண்ட் எடுத்துப் படித்தாள். படிக்கப் படிக்க மூக்கு சிவந்தது.

"அண்ணா, இதப் பாருங்க. எல்லா பாராவுலயும் 'அருணாச்சலம் சாரின் வழிகாட்டுதலின்படி', 'அருணாச்சலம் சார் முடிவு செய்தபடி'. கல்யாணப் பத்திரிகையில பெரியவங்க பேரு போடற மாதிரி போட்டு வச்சிருக்கா. வாரியத்துக்காரன் இன்னா நினைப்பான்? இவ டீ வாங்கிக் குடுத்துக்கினு இருந்தான்னுதான் நினைப்பான்."

வாரியமும் அப்படித்தான் நினைத்திருந்தது. 'விண்ணப்பதாரர் உதவியாளராகப் பணியாற்றியதாகத் தெரிகிறது' என்று பதில். அருணாச்சலம் அந்தக் கம்பெனியில் துர்காவின் மேலாளர். இப்போது ஆலைக்கே தலைவர். மரியாதைக்காக இவள் எழுதிய வார்த்தைகளை அவர்கள் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். நவம்பர் முடிவதற்குள் திருத்தி அனுப்பலாம், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தது. அப்போது செப்டம்பர் கடைசி.

அன்று சாயங்காலமே வீடியோ கால். அங்கே காலை ஏழு மணி, துர்கா கிடங்குக்குக் கிளம்பிய கோலத்தில் குளிர்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். இங்கே தாயாரம்மாள் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். நண்டுக் கூடையைக் கடை வாசலில் வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு மாதம் என் ஏ4 தாள்களில் நண்டு வாசம் வந்தது.

"சொல்லு துர்கா. பெரிய திட்டு எது?" என்றாள் திலகவதி.

துர்கா யோசிக்கவே இல்லை.

"கெமிக்கல் டாங்க்குக்கா. அது நிக்கற காலுக்குத் தகடு மெலிசா போட்டிருந்தாங்க டிராயிங்ல. நானு கணக்கு போட்டு பாத்தேன். டாங்க்ல தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்ணா காலு தாங்காது. வெல்டிங்க நிறுத்த சொல்லிட்டேன். மூணு மணி நேரம் ஷெட்டே நின்னுபோச்சு. அருணாச்சலம் சாரு வந்து எல்லாரு முன்னாடியும், 'நீ இன்னா இன்ஜினீரா? கான்ட்ராக்ட்காரன் அனுப்பிச்ச ஆளு. உனக்கு யாரு நிறுத்தற பவர் குடுத்தது?'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"நாலு நாள் கழிச்சு புது டிராயிங் வந்துச்சு. நானு சொன்ன கனம்தான். சாரு பேரு போட்டு வந்துச்சு."

"அத ஏன்டி நீ மொத விண்ணப்பத்துல எழுதல?"

"திட்டு வாங்கினத போய் எழுதுவாங்களாக்கா?"

தாயாரம்மாளுக்கு இந்தக் கதை புதிது. மகளைத் திரையில் முறைத்துப் பார்த்தாள். "இத்தினி வர்சம் இத எங்கைல சொல்லாம இருந்துட்டியேடி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டினவன் எந்த ஊர் என்று என்னிடம் விசாரித்தாள். நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கையில் நண்டு வெட்டுகிற கத்தி இருந்தது.

மூன்று வாரத்தில் இருபத்து மூன்று திட்டுகள். திலகவதி எல்லாவற்றையும் எழுதி முடித்தாள். இம்முறை ஒரு பாராவில்கூட அருணாச்சலம் சார் முடிவு செய்யவில்லை. துர்கா முடிவு செய்தாள், துர்கா கணக்குப் போட்டாள், துர்கா நிறுத்தினாள். படித்துவிட்டுத் துர்கா, "எனக்கே பயமா கீதுக்கா, நானா இது?" என்றாள். "பின்ன யாரு, உங்கப்பனா?" என்றாள் இவள்.

எழுதியாயிற்று. கையெழுத்து?

திலகவதி நேராக அருணாச்சலத்திடமே போனாள். பத்தொன்பது வருடம் நுழைந்த கேட்டில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். என்ன நடந்தது என்பதைத் திரும்பி வந்து என்னிடம் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். அவர் மரியாதையாகத்தான் பேசினாராம். காபி கூடக் கொடுத்தாராம்.

"நல்ல பொண்ணும்மா அது. நல்லா இருக்கட்டும். ஆனா அது நம்ம ரோல்லயே இல்லையே, சம்பளப் பட்டியல்ல பேரே கிடையாதே. நான் எப்படி சைன் போடறது?"

"ரோல்ல இல்ல சார். வேலையில இருந்தா."

"நீ ஆபீஸ்ல இருந்தவ, உனக்குத் தெரியாதா? கான்ட்ராக்ட் ஆளு டிசைன் வேலை பாத்தான்னு நானே எழுதிக் குடுத்தா நாளைக்கு லேபர் ஆபீஸ்லேருந்து ஆள் வரும். மீதி நாப்பது கான்ட்ராக்ட் ஆளும் எங்களையும் பர்மனென்ட் பண்ணுன்னு வந்து நிப்பான். ஹெல்ப்பர்னு வேணா ஒரு லெட்டர் தரேன்."

"ஹெல்ப்பர் போட்ட டாங்க்லயா சார் எட்டு வருஷமா ஆசிட் ஊத்தி வச்சிருக்காங்க?"

அதோடு காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரிக்கு ஆலைத் தலைவர் என்று பெயர்.

அக்டோபர் ஓடியது. இந்த நேரத்தில்தான் குணா மூக்கை நீட்டினான். கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம் 'வெளிநாட்டு ஆலோசனை' என்று போர்டு வைத்திருக்கிறவன். எப்படியோ துர்காவின் நம்பரைப் பிடித்துப் பேசியிருக்கிறான். கையெழுத்துப் போட இன்ஜினீயர் ரெடி, லெட்டர்ஹெட் ரெடி, வாரியம் போன் செய்தால் எடுத்துப் பேச ஆள் ரெடி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். துர்கா தடுமாறிப் போனாள். மறுநாள் போனில், "அக்கா, செஞ்ச வேலை நெசந்தானே. கையெழுத்து மட்டும்தானே பொய்யி" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது நியாயமாகப்பட்டது. "அது சொல்றதும் சரிதாம்மா. கம்பெனி நம்மள ஏமாத்துது, நாமளும் ஏமாத்தினா இன்னா?" என்று வாயை விட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

திலகவதி என் பக்கம் திரும்பவே இல்லை. போனைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் எனக்கும் சேர்த்துத்தான்.

"துர்கா, கேட்டுக்கோ. பொய் கையெழுத்து ஒண்ணு வச்சேன்னா, உன் நெசமான பதினோரு வருஷமும் பொய்யாப்பூடும். அருணாச்சலம் சொல்றாரே நீ ஹெல்ப்பர்னு, அதுதான் நெசம்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. அது மட்டுமில்ல. அவங்க கண்டுபுடிச்சாங்கன்னா, அடுத்து இந்தப் பக்கத்துலேருந்து போற ஒவ்வொருத்தன் பேப்பரையும் சந்தேகத்தோடதான் பாப்பாங்க. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குடி. நீ வேலை செஞ்சவ. செஞ்சவ எதுக்குத் திருடணும்? போயி லேபிள் ஒட்டு. நானு ஆள் தேடறேன்."

துர்கா அழுதாள். திலகவதி சமாதானப்படுத்தவில்லை. அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு நிதானமாக, "அந்தக் கால் தகடு விசயத்துல உன்னத் திட்டுனப்போ பக்கத்துல யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஷெட் ஆளுங்க எல்லாரும். முரளி இருந்தான். அப்புறம் ஒரு இன்ஸ்பெக்டர் சாரு. வெளியிலேருந்து டாங்க்க செக் பண்ண வருவாரே. வெள்ள ஹெல்மெட்டு. பேரு தெரிலக்கா. சாருன்னுதான் கூப்புடுவோம்."

டாங்க் வாங்குகிற கம்பெனி தன் சார்பில் சோதனை செய்ய வெளியிலிருந்து ஓர் இன்ஜினீயரை அனுப்பும். அவர் இவர்களுக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை. அப்படிப்பட்டவர் கையெழுத்துக்கு வாரியத்தில் மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஆறேழு பேர் வந்துபோனார்கள். திலகவதி அத்தனை பேரின் அறிக்கைகளையும் எண் போட்டு அடுக்கியவள். கையெழுத்துகள் அத்தனையும் தெரியும். முகம் ஒன்றுகூடத் தெரியாது. ஆபீஸ் பெண்களை ஷெட் பக்கம் விடமாட்டார்கள்.

முரளி இன்னும் அங்கேதான் இருந்தான். துர்காவுக்குக் கீழே ஆறு வருடம் வேலை செய்த இன்ஜினீயர், இவனும் ஒப்பந்த ஆள்தான், நாற்பதை நெருங்குகிறான். அவனுக்கும் வெளியே போக ஆசை. கையெழுத்துக்கு ஆள் இல்லை என்று இரண்டு வருடமாக விண்ணப்பத்தைத் தொடாமலே வைத்திருந்தான். திலகவதி கூப்பிட்டு அனுப்பியதும், ஷிஃப்ட் முடிந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தான்.

"அக்கா, நானு வந்தது அங்க தெரிஞ்சா நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிப்பேன்."

"தெரியாது. உங்கிட்ட ஆயுத பூஜ போட்டோ எதுனா கீதா?"

சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. மற்ற நாளெல்லாம் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு நட்டைக்கூடப் படம் எடுக்க முடியாது. வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜையன்று, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டி, குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். ஆபீஸுக்கு மட்டும் தனிப் பூஜை. ஷெட்டில் அன்றைக்குப் போனுக்கும் விடுதலை. எல்லாரும் தாங்கள் செய்ததற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சம்பளச் சீட்டில் இல்லாதவர்களும் அந்தப் படங்களில் இருப்பார்கள்.

முரளி மூன்று பழைய போன்களைக் கொண்டுவந்தான். ஒன்றில் திரை உடைந்திருந்தது. ஒன்று சார்ஜே ஏறவில்லை. மூன்றாவதில் இரண்டாயிரத்துப் பதினாறாம் வருடத்துப் படம் கிடைத்தது. அந்தக் கெமிக்கல் டாங்க், அதன் தடித்த கால்கள், காலில் சந்தனம் தடவிக்கொண்டிருக்கிற துர்கா. அவள் கையில் தட்டை எடுத்துக் கொடுப்பது சாட்சாத் அருணாச்சலம். அந்த ஷெட்டில் ஒரு வழக்கம். எந்த டாங்க் யார் பொறுப்போ அவர்தான் அதற்கு முதல் பொட்டு வைக்க வேண்டும். எழுதாத வழக்கம்தான். ஆனால் அதில் யாரும் ஏமாற்ற மாட்டார்கள், சாமி விஷயம். காகிதத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர், பொட்டு வைக்கும்போது தட்டை அவளிடம் கொடுத்திருக்கிறார்.

நான் துள்ளிக் குதித்தேன். "இத அனுப்பும்மா வாரியத்துக்கு!"

"பொட்டு வச்சா அவனுக்கு இன்னா புரியும்ண்ணா? நமக்குப் புரியும், அவனுக்குப் புரியாது" என்றாள் திலகவதி. அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். ஓரத்தில் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு மனிதர், கை நிறையப் பொரிகடலையோடு நின்றுகொண்டிருந்தார்.

முரளி குனிந்து பார்த்தான். "இவருதான்க்கா. அன்னிக்கு இருந்தது இவருதான்." ஹெல்மெட்டில் சோதனை நிறுவனத்தின் ஸ்டிக்கர் தெரிந்தது. அந்த நிறுவனத்திலிருந்து வந்தது ஒரே ஒருவர்தான் என்பது திலகவதிக்குத் தெரியும்.

"ஜோசப் சாரு! இந்தாளு கையெழுத்த நாலு வருஷம் ஃபைல் பண்ணிருக்கேன். ரெட்ட சுழி போட்டுப் போடுவாரு. இதானா மூஞ்சி?" என்று சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல்முறை.

ஜோசப் ஓய்வு பெற்றுத் திருநின்றவூரில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒரு வாரம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய ஆம்னியில் பெரியபாளையம் வழியாகக் கிளம்பினோம். திலகவதி, என் லேப்டாப், நான். தாயாரம்மாளை யாரும் அழைக்கவில்லை. அவள் விடியற்காலையிலேயே வந்து வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜோசப் சாருக்கு அறுபத்தெட்டு வயது. சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். படத்தைக் காட்டியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஞாபகம் இருக்கு. நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "அந்தப் பொண்ணு நிறுத்தலன்னா நான்தான் மறுநாள் டெஸ்ட்ல பக்கத்துல நின்னிருப்பேன். கால் முறிஞ்சிருந்தா டாங்க் என் மேலதான் விழுந்திருக்கும். அவர் திட்டினப்போ நான் ரெண்டடி தள்ளி நின்னேன். அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரின்னு எனக்குத் தெரியும். ஆனா இன்னொரு கம்பெனி விஷயத்துல நாம எதுக்குத் தலையிடணும்னு பேசாம இருந்துட்டேன்."

படத்தைத் திலகவதியிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர், "இப்ப கையெழுத்துப் போட்டா அந்தக் கம்பெனி என்னைக் கேள்வி கேட்குமே" என்று மெல்ல இழுத்தார். அவர் மனைவியும், "இந்த வயசுல எதுக்கு வம்பு?" என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்.

திலகவதி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தாயாரம்மாள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எம்பொண்ணு நிறுத்துனதாலதான் நீ இன்னிக்கு கோயிலுக்குப் போய்வந்து குந்திகினு இருக்கே சாமி. அன்னிக்குத் தொறக்காத வாய இன்னிக்குத் தொற. அவ்ளோதான் கேக்கறேன்."

ஜோசப் சார் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் அலமாரியிலிருந்து நான்கு டைரிகளை எடுத்து வந்தார். தினமும் எந்த டாங்க்கைப் பார்த்தார், வரைபடத்தை யார் விளக்கினார் என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் துர்காதேவி. சில இடங்களில் 'செல்வி துர்கா, மிகச் சரியாக விளக்கினார்' என்று கூட இருந்தது. சொல்லாமல் வைத்திருந்த பாராட்டு, எட்டு வருடமாக அலமாரிக்குள்.

அன்று பிற்பகல் முழுக்க, என் லேப்டாப்பில் வாரியத்தின் படிவத்தைத் திறந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்து அவரே தட்டச்சு செய்தார். ஒற்றை விரலால். திலகவதி அவசரப்படுத்தவில்லை. அவர் மனைவி இரண்டாவது முறை டீ கொண்டுவந்தபோது தாயாரம்மாளுக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார்.

ஒரே ஒரு குறை. ஜோசப் சார் அந்தக் கம்பெனிக்கு வந்துபோனது நான்கு வருடம்தான். அதற்கு மேல் ஒரு நாளைக்குக்கூட அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். திலகவதியும் போடச் சொல்லவில்லை.

நவம்பர் இருபத்தாறாம் தேதி விண்ணப்பம் போனது. குளிர் காலம் முழுக்கத் துர்கா லேபிள் ஒட்டினாள். இடையில் வாரியம் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டது. 'அப்படி ஒருவர் எங்கள் பணியாளர் பட்டியலில் இல்லை' என்று கம்பெனி பதில் போட்டது. திலகவதி அதற்கும் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதினாள். ஒப்பந்தக்காரர் என்பவர் யார், இந்த நாட்டில் ஒருத்தி ஒரு கூரையின் கீழ் வேலை செய்துகொண்டு இன்னொரு பெயரில் எப்படிச் சம்பளம் வாங்குகிறாள் என்று. கூடவே ஜோசப் சாரின் டைரிப் பக்கங்களின் நகல். 'கம்பெனி தன் பட்டியலில் இல்லை என்கிறவரிடம்தான் இந்த இன்ஜினீயர் நான்கு வருடம் விளக்கம் கேட்டிருக்கிறார்' என்று கடைசி வரி. அந்தப் பக்கத்தை நான் இரண்டு நகல் எடுத்து ஒன்றை எனக்காக வைத்துக்கொண்டேன். என் கடையில் நான் எனக்காக எடுத்துக்கொண்ட ஒரே நகல் அது.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் துர்கா கூப்பிட்டாள். கடையில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். தாயாரம்மாள் கூடையோடு, முரளி ஷிஃப்ட் முடிந்து, திலகவதி தன் மேசையில். துர்கா கிடங்குக்கு உடுத்துகிற கோட்டைப் போடவில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு படித்தாள். பதினோரு வருடத்தில் நான்கு வருடத்தை வாரியம் ஏற்றுக்கொண்டது. உரிமம் கொடுத்துவிட்டார்கள். இனி அவள் அங்கே இன்ஜினீயர்.

நான் கைதட்டினேன். தாயாரம்மாள் தட்டவில்லை. "மீதி ஏழு வர்சம் இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

கைதட்டலை நிறுத்தினேன். அந்த ஏழு வருடத்தில் அவள் செய்த டாங்குகள் இன்னும் எங்கெங்கோ நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அதைப் பார்த்தவர்களில் கையெழுத்துப் போடக்கூடியவர் ஒருத்தரும் இல்லை. கூட நின்றவர்களெல்லாம் முரளி மாதிரி தாங்களே கணக்கில் இல்லாதவர்கள்.

"அது போச்சும்மா" என்றாள் துர்கா. குரல் உடையவில்லை. "அத என்னால திரும்ப வாங்க முடியல. முரளி இருக்கானா அங்க?"

முரளி போன் பக்கம் வந்தான்.

"டேய், உன் விண்ணப்பத்த எடு. இன்னிக்கே எடு. உனுக்கு மேல இருந்து வேலைய பாத்த இன்ஜினீரு கையெழுத்து வேணும், அவ்ளோதானே? உன் ஆறு வர்சத்தையும் நானு பாத்திருக்கேன். எல்லாத்தையும் பாத்திருக்கேன்."

முரளி கடை வாசலைத் திரும்பிப் பார்த்தான். "அருணாச்சலம் சாருக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தான்.

"அவரு இன்னாடா பண்ணுவாரு? நீ ரோல்ல இல்லன்னு சொல்வாரு. சொல்லட்டும். நீ வேலையில இருந்தன்னு நானு சொல்வேன். ரெண்டு பேர்ல யாரு பொய்யின்னு அவங்க கண்டுபுடிக்கட்டும். சங்கருக்கும் சொல்லு. அந்த பெயின்ட் செக்ஷன் பொண்ணு நந்தினிக்கும் சொல்லு. எங்கூட யாரு யாரு நின்னாங்களோ அத்தினி பேருக்கும் சொல்லு."

முரளி ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தான். திலகவதி தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். நான் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை அச்செடுத்து நீட்டினேன். மேற்பார்வை செய்த பொறியாளரின் பெயர் என்ற இடத்தில் அவன் பேனாவை ஊன்றி, போன் திரையில் இருந்த துர்காவை ஒருமுறை பார்த்தான். பிறகு அழுத்தமாக, பெரிய எழுத்தில், துர்காதேவி என்று எழுதினான்.